நிற்பவர்களுக்கும் ஒரு நாற்காலி

மாலை ஆறு மணிக்கு மின்சார ரயிலை விட்டு இறங்கி மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலைக்குள் நுழைபவர்களின் கண்ணில் முதலில் படுவது கடைகளின் வெளிச்சம். துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை என்று வரிசையாக விளக்குகள் எரிகின்றன. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இதே காட்சிதான். புடவைப் பிரிவில் வாடிக்கையாளர் அமர்வதற்கு வரிசையாக இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம், புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டும் பெண் நின்றுகொண்டிருக்கிறார். காலையில் கடை திறந்தபோது நிற்கத் தொடங்கியவர் அவர். இரவு கணக்கு முடித்த பின்னரே அவர் கிளம்ப முடியும். பிறகு ரயில் நிலையம். செங்கல்பட்டு வண்டியில் இடம் கிடைத்தால் உட்காரலாம். கிடைக்காவிட்டால் ஊர் வரைக்கும் நின்றபடியே செல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் ஒருநாள் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். "மாலையானால் கால் வீங்குகிறது", "இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது", "கணுக்காலருகே தோல் கறுத்து அரிக்கிறது", "இந்தப் புண் மூன்று மாதமாக ஆறவில்லை" என்று சொல்கிறார்கள். சர்க்கரை இருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்கிறார்கள் என்பதைப் பலர் தாமாகச் சொல்வதில்லை. அதையும் ஒரு நோய்க்குறிப்பாக அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பணியிட நலம் என்றவுடன் பெரிய நிறுவனங்களின் உடற்பயிற்சிக் கூடமும் யோகா வகுப்பும் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பரிசோதனை முகாமும் நினைவுக்கு வருகின்றன. அவையும் நல்லவைதான். எனினும் நம் புறநகர்க் கடைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோருக்குப் பணியிட நலம் இவற்றையெல்லாம் விட எளிய ஒரு பொருளில் தொடங்குகிறது. அது ஒரு நாற்காலி.

மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி

இத்தாலி நாட்டில் மோடெனா என்னும் ஊரில் வாழ்ந்தவர் மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி. ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி மிகுந்த அவசரத்துடன் வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இவ்வளவு வேகம் என்று அவர் விசாரித்தார். அந்தக் குழிக்குள் அதிக நேரம் இருந்தால் கண் கெட்டுவிடும் என்றார் அந்தத் தொழிலாளி. அந்த ஒரு பதில் ராமாட்சினியை ஊரிலுள்ள தொழிலாளர்களின் பட்டறைகளுக்கெல்லாம் அழைத்துச் சென்றது. தாம் கண்டறிந்தவற்றைத் தொகுத்து 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டார். பழங்கால மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளுடன் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நீங்கள் செய்யும் தொழில் என்ன என்பதே அந்தக் கேள்வி.

அந்நூலில் நின்றபடி வேலை செய்பவர்களைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. அவர்களுடைய கால்களில் இரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்வதை அவர் கவனித்திருக்கிறார். நிற்பதை இடையிடையே நிறுத்தி, சற்று உட்காரவோ நடக்கவோ வேண்டும் என்று அறிவுரையும் கூறியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் அறிந்த செய்திதான் இது.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு பாரம் தூக்குகிறீர்கள், இடையில் உட்கார முடிகிறதா, கழிப்பறைக்குச் செல்ல முடிகிறதா, இரவுப் பணி உண்டா என்பவை மருந்துச்சீட்டைப் போலவே முக்கியமானவை.

காலுக்குள் என்ன நடக்கிறது?

இதயம் இரத்தத்தைத் தமனிகள் வழியாகக் கால்விரல் நுனி வரை தள்ளிவிடுகிறது. அந்த இரத்தம் மீண்டும் இதயத்துக்கு ஏற வேண்டும். நிற்கும்போது அது புவியீர்ப்புக்கு எதிராக மேலே செல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு உடலில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள். அவை இரத்தத்தை மேலே விடும். கீழே இறங்க விடா. மற்றொன்று கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, உள்ளே செல்லும் சிரைகளைப் பிழிந்து, இரத்தத்தை மேல்நோக்கி அனுப்புகிறது. கிணற்றடிக் கைப்பம்பைப் போன்ற வேலை அது. அதனால்தான் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வதுண்டு.

அசையாமல் நிற்பவரின் கணுக்காலருகே சிரைகளுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவர் சில அடிகள் நடந்தால் அது 30-க்கும் கீழே இறங்குகிறது. அசையாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு பெரியது. ஒரு மேசைக்குப் பின்னால் இரண்டடி இடத்தில் நாள் முழுவதும் நிற்பவருக்கு அந்தப் பம்பு வேலை செய்வதேயில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் சிரைகள் விரிகின்றன. வால்வுகள் சரியாக மூடுவதில்லை. இரத்தம் கீழேயே தேங்குகிறது. தோலுக்கடியில் நீலநிறத்தில் முறுக்கிக்கொண்டு தெரியும் அந்தக் குழாய்களை நம் ஊரில் 'நரம்புச் சுருட்டல்' என்கிறோம். மருத்துவர் 'வெரிகோஸ் வெயின்' என்பார். உண்மையில் அது நரம்பு அன்று. இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை.

நிற்பது மட்டுமே இந்நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெற்றோருக்கு இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். பிள்ளைப்பேறு, உடற்பருமன், முதுமை ஆகியவையும் காரணங்களே. ஆனால் நீண்ட நேரம் நிற்பது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. டென்மார்க்கில் உழைக்கும் வயதினரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதை எண்களில் காட்டியது. வேலை நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நின்றவர்கள் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் ஆண்களில் 1.75 மடங்காகவும் பெண்களில் 1.82 மடங்காகவும் இருந்தது.

தொடக்கத்தில் இது அழகுக் குறையாக மட்டுமே தோன்றும். கவனிக்காமல் விட்டால் வீக்கம், அரிப்பு, தோல் கறுத்துத் தடித்தல் என்று வளர்ந்து, கணுக்காலின் உட்புறத்தில் எளிதில் ஆறாத புண்ணாக முடியும். அந்தப் புண்ணுக்காக வாரந்தோறும் கட்டு மாற்ற வருபவர் இழப்பது காலின் நலத்தை மட்டுமன்று. ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி போகிறது. உடன் வருபவரின் கூலியும் போகிறது.

காலோடு நிற்பதில்லை

இடுப்புவலியும் குதிகால்வலியும் நிற்பவர்களின் வழக்கமான துன்பங்கள். அவற்றைக் காட்டிலும் மறைவாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழிப்பறை இரண்டு மாடி தள்ளி இருக்கிறது, அல்லது போகும்போதெல்லாம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்றால், பெண்கள் கண்டுபிடிக்கும் வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சென்னையின் சித்திரை வைகாசி வெயிலில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் ஆகியவற்றுக்கு இது வழிவகுக்கும். மாதவிலக்கு நாட்களில் இந்தத் துன்பம் இரட்டிப்பாகிறது.

கருவுற்றிருப்பவருக்குக் கால்வீக்கமும் சிரைப் புடைப்பும் இயல்பாகவே ஏற்படக்கூடியவை. நீண்ட நேரம் நிற்பது அவற்றை மோசமாக்கும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். இறுக்கமான செருப்புடன் பத்து மணி நேரம் நிற்கும் அவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. இதயமும் இதிலிருந்து தப்புவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு, பெரும்பாலும் நின்றபடி வேலை செய்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் அமர்ந்து வேலை செய்தவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைக் கண்டது.

அப்படியானால் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது நல்லதா என்று கேட்கலாம். அதுவும் நல்லதன்று. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி அலுவலகங்களில் அமர்ந்திருப்பவரும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவரும் தத்தம் கழுத்திலும் முதுகிலும் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். ஒரே நிலையில் உடலைப் பூட்டி வைப்பதே தீங்கு. நிற்பவருக்கு உட்காரவும், உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து நடக்கவும் வாய்ப்பு வேண்டும்.

நாற்காலிக்கு ஒரு சட்டம்

இந்த எளிய வாய்ப்பைத் தமிழ்நாடு சட்டமாகவே ஆக்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டப்பேரவையில் ஒரு திருத்த முன்வடிவை அறிமுகம் செய்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் புதிய பிரிவைச் சேர்ப்பது அதன் நோக்கம். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலையினிடையே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும், வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்க்கவும் அது உதவ வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். முன்வடிவு நிறைவேறிச் சட்டமாயிற்று.

இதற்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு உட்கார இடமில்லை; பலருக்குக் கழிப்பறையும் இல்லை. தையல் தொழிலாளியான பி.விஜி அவர்களை ஒன்றுதிரட்டி 'பெண்கூட்டு' என்னும் அமைப்பை உருவாக்கினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம் நாற்காலிக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை அங்கீகரித்தது. அதே ஆண்டில் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடைகளில் பணிபுரியும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்ற கணக்கில் வைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டதைக் காணலாம். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்றபடி வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் விதித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-இல் வணிகநிலையங்களுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய உடன்படிக்கையில் இதையே வலியுறுத்தியது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1948-இல் எழுத்தில் கிடைத்த நாற்காலி, தமிழ்நாட்டின் கடைத் தொழிலாளிக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின. இடையில், 2010-இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் தியாகராய நகர்த் துணிக்கடைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தமிழ்மக்கள் முன் வைத்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

நாற்காலி இருக்கிறது, உட்காரத்தான் தயக்கம்

சட்டம் நாற்காலியைக் கடைக்குள் கொண்டுவரலாம். அதில் ஆளை உட்கார வைப்பது வேறு வேலை. சில கடைகளில் இருக்கை சுவரோரம் இருக்கிறது. மேற்பார்வையாளரின் பார்வைக்கு அஞ்சி அதன்மேல் துணிப்பையைத்தான் வைக்கிறார்கள். உட்கார்ந்தால் சோம்பேறி என்ற பெயர் வந்துவிடுமோ, கண்காணிப்புக் கேமராவில் பதிவாகிவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். வாடிக்கையாளர் வரும்போது நின்று வரவேற்பதே மரியாதை என்ற நம் வழக்கம் மறுபுறம்.

இந்த இரண்டாவது காரணத்தில் நமக்கும் பங்குண்டு. கடைக்குச் செல்லும்போது நாமும் வாடிக்கையாளர்களே. உட்கார்ந்தபடி பதில் சொல்லும் பணியாளரைப் பார்த்து முகம் சுளிக்கிறோமா? "உட்கார்ந்துகொண்டே எடுத்துக் கொடும்மா, பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொல்கிறோமா? முதலாளிகள் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே கடையை நடத்துகிறார்கள். நம் முகம் மாறினால் கடையின் வழக்கமும் மெல்ல மாறும்.

நம் வாசகர்களில் சிறிய கடைகளின் உரிமையாளர்களும் உண்டு. அவர்களுக்குச் சில எளிய யோசனைகள்:

• மேசையின் உயரத்துக்கு ஏற்ற உயரமான ஸ்டூல் வாங்குங்கள். மிகத் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தவர் ஒவ்வொரு முறையும் எழ வேண்டியிருப்பதால், விரைவிலேயே உட்காருவதை விட்டுவிடுவார்.

• கூட்டம் குறைந்த பிற்பகல் வேளையில் பாதிப் பேர் உட்காரட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். இதை நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்கள் வாயால் வந்த சொல் இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள்.

• நிற்க வேண்டிய இடத்தில் தரை கல்லாகவோ டைல்ஸாகவோ இருந்தால் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கச் சிறு கால்மணை வையுங்கள். அது இடுப்பின் பாரத்தைக் குறைக்கும்.

• குடிநீரும் தூய்மையான கழிப்பறையும் அருகில் இருக்கட்டும். அனுமதி கேட்கும் வழக்கம் வேண்டாம்.

• தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர ஓய்வு என்பது கடைகள் சட்டத்தின் விதி. சாப்பாட்டை விழுங்கிவிட்டு ஓடி வரும் பத்து நிமிடம் ஓய்வாகாது.

இவற்றுக்கு ஆகும் செலவு, அனுபவமுள்ள ஒரு பணியாளர் கால்புண்ணோடு வேலையை விட்டுப் போவதால் ஏற்படும் இழப்பைவிடக் குறைவானது.

நோயிலிருந்து வேலைக்குத் திரும்பும்போது

அறுவைச் சிகிச்சை முடிந்தோ, மாரடைப்பிலிருந்து தேறியோ, குழந்தை பெற்றோ வீடு திரும்புபவரின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, எப்போது வேலைக்குப் போகலாம் என்பதே. மருத்துவரிடம் இதைக் கேட்கும்போது, "போகலாமா, வேண்டாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் நிற்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், எத்தனை மணிக்கொரு முறை உட்கார வேண்டும் என்று கேளுங்கள். அதைச் சான்றிதழில் எழுதித் தருமாறு வேண்டுங்கள். 'பணிக்குத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரியைவிட, 'ஒரு மணிக்கொரு முறை பத்து நிமிடம் அமர வேண்டும். பாரம் தூக்கக் கூடாது' என்ற குறிப்பு உங்களுக்குப் பெரிய துணை. முதலாளியிடம் வாய்மொழியாகக் கேட்கக் கூசுபவர் அந்தக் காகிதத்தைக் கொடுக்கலாம்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடையில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவராக நீங்கள் இருந்தால், இ.எஸ்.ஐ. காப்பீடு உங்களுக்கு உண்டா என்று விசாரியுங்கள். ஊதியத்தில் 0.75 விழுக்காடு உங்கள் பங்கு; 3.25 விழுக்காடு முதலாளியின் பங்கு. சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மூலம் உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைக்கும். தென்சென்னைப் பகுதியினருக்குக் கே.கே.நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. உரிய நாட்கள் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், மருத்துவரின் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகவும் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீடித்த நோய்களுக்கு இந்த உதவி மேலும் நீட்டிக்கப்படுகிறது. விடுப்பு எடுத்தால் கூலி போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் இதை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

இருக்கை வசதி அறவே மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் முறையிடலாம். அதற்கு முன்பாக, உடன் வேலை செய்யும் நாலைந்து பேராகச் சேர்ந்து முதலாளியிடம் பேசிப் பாருங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் குறையாகத் தோன்றுவது, பலர் சேர்ந்து கேட்கும்போது தேவையாகத் தோன்றும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

நின்று களைத்து வரும் மனைவியோ கணவரோ மகளோ மருமகளோ வீட்டுக்குள் நுழைந்தவுடன் நேராக அடுப்படிக்குச் செல்லும் நிலை இருந்தால், அவர்களுக்கு இரண்டாவது நிற்கும் வேலை தொடங்குகிறது. முதல் அரை மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். படுத்த நிலையில் கால்களைத் தலையணைகளின்மேல், நெஞ்சுக்குச் சற்று உயரமாக வைக்கச் சொல்லுங்கள். தேங்கிய இரத்தமும் நீரும் மேலே திரும்ப அதுவே எளிய வழி.

வேலையிடத்தில் நிற்கும்போதே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை மணிக்கொரு முறை பதினைந்து இருபது தடவை செய்யலாம். கெண்டைக்கால் பம்பை இது இயங்க வைக்கும். நாள்தோறும் அரை மணி நேர நடையும் அதற்கே உதவும். குதிகால் உயர்ந்த செருப்பைத் தவிர்த்து, பாதத்தை அழுத்தாத, அடி தடித்த செருப்பை அணிய வேண்டும்.

மருத்துவர் பரிந்துரைக்கும் அழுத்தக் காலுறையைக் காலையில் படுக்கையிலிருந்து எழும் முன்பே, வீக்கம் ஏறாத நிலையில் போட்டுக்கொள்ள வேண்டும், இரவில் கழற்றிவிடலாம். ஆனால் அதை மருந்துக்கடையில் தாமாக வாங்கி அணிவது நன்றன்று. சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் காலுக்குச் செல்லும் தமனிகளில் அடைப்பு இருக்கக்கூடும். அப்படி இருந்தால் இறுக்கமான காலுறை தீங்கு செய்யும். மருத்துவர் காலின் நாடித்துடிப்பைப் பார்த்த பிறகே அது தகுமா என்று முடிவு செய்வார்.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்:

• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, சூடாகவோ சிவந்தோ இருத்தல். ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது.

• அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்படுதல். உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கக்கூடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

• புடைத்த சிரை உடைந்து இரத்தம் கொட்டுதல். நோயாளியை உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, தூய துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்கு அழையுங்கள். நிற்க வைத்தால் பெருக்கு மிகும்.

• கணுக்காலருகே தோன்றிய புண் இரண்டு வாரத்தில் ஆறாமை.

• இரண்டு கால்களும் முகமும் சேர்ந்து வீங்குதல், அல்லது படுத்தால் மூச்சு வாங்குதல். இது நின்றதால் வந்த வீக்கமாக இல்லாமல், சிறுநீரகம் அல்லது இதயம் சார்ந்ததாக இருக்கலாம்.

ஓய்வை மருந்தாகக் கண்ட ஊர்

நம் தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் அமைந்த பெயர் அது. 1937-இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியை அழிக்கும் மருந்துகள் கண்டுபிடிக்கப்படாத காலம். தூய காற்றும் நல்ல உணவும் ஓய்வும்தான் அக்காலத்து மருத்துவம். அதே சானடோரியம் பகுதியில் 1984-இல் ஏற்றுமதித் தொழில் வளாகமான மெப்ஸ் உருவாயிற்று. காலையும் மாலையும் அந்த நிலையத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஏறி இறங்குகிறார்கள். ஓய்வை மருந்தாகக் கொடுத்த இடமும், ஓய்வில்லாமல் உழைப்பவர்களின் இடமும் ஒரே நிலையத்தின் பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன.

இன்று காசநோய்க்கு மாத்திரைகள் வந்துவிட்டன. நிற்பதால் வரும் நோய்க்கு அப்படி ஒரு மாத்திரை இல்லை. கதிர்க்கருவியாலும் அறுவைச் சிகிச்சையாலும் கெட்டுப்போன சிரையை மூடலாம், நீக்கலாம். அதன் பிறகும் அவர் அதே மேசைக்குப் பின்னால் பத்து மணி நேரம் அசையாமல் நின்றால், அடுத்த சிரை புடைக்கக் காத்திருக்கும். மருத்துவமனையில் தொடங்கும் சிகிச்சை கடைக்குள்ளும் தொடர்ந்தால்தான் முழுமை பெறும்.

அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கச் செல்லும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு நாற்காலி இருக்கிறதா? இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? புடவையின் விலையைக் கேட்கும் முன், "நீங்களும் கொஞ்சம் உட்காருங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள்.